பலகை யாருக்கு இடம் கொடுத்தது?

(ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சங்கப் பலகைக் கதையை இந்த அவைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதுரைப் பொற்றாமரைக் குளத்தில் ஒரு பலகை. தகுதியுள்ள புலவர் வந்தால் விரிந்து இடம் கொடுக்கும். வள்ளுவர் சுவடியோடு வந்து நின்றபோது புலவர்கள் அவரை ஏற்கவில்லை. சுவடியைப் பலகைமேல் வைத்ததும் அது சுருங்கி, உட்கார்ந்திருந்த புலவர்களைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது என்பார்கள். இது வரலாறு இல்லை, கதைதான். ஆனால் இந்தக் கதையைக் கட்டியவர்களின் மனத்தில் ஒரு கவலை இருந்திருக்கிறது. அரசன் ஆதரவில் அறிஞர்கள் கூடி அமர்ந்துவிட்டால், ஊர் பேர் தெரியாமல் வருகிறவனுக்கு யார் இடம் விடுவார்கள்? அமர்ந்திருப்பவர்களை நம்பாமல்தான் அந்த வேலையை ஒரு மரப்பலகையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அங்கே தெய்வப் பலகை எதுவும் கிடையாது. மனிதர்களே கூடி, மனிதர்களே வாக்களித்து, மனிதர்களுக்கு இடம் கொடுத்தார்கள், பலருக்கு மறுத்தார்கள். முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றே ஒன்று. அந்தச் சங்கம் முன்பின் தெரியாதவரின் கடிதத்தைப் பிரித்துப் படித்த நாட்களில் உயர்ந்தது. எழுதியவர் யார் என்று முதலில் விசாரித்த நாட்களில் சிறுத்துப்போனது.

1660 நவம்பர் 28. லண்டன் கிரெஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் பற்றி உரையாற்றினார். பிற்காலத்தில் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய அதே ரென். உரை முடிந்ததும் பன்னிரண்டு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, இனி வாரந்தோறும் கூடுவோம், சோதனைகள் செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். சேரும்போது 10 ஷில்லிங், பிறகு வாரம் ஒரு ஷில்லிங் என்று சந்தாவும் பேசிக்கொண்டார்கள். இந்தச் சந்தாவை மறக்காதீர்கள். 1662-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் பட்டயம் கொடுத்தார். மறு ஆண்டில் இரண்டாவது பட்டயமும், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய செங்கோலும் கொடுத்தார். கொடுக்காதது பணம். 'ராயல்' என்ற பெயர் இருந்ததே தவிர, சங்கம் உறுப்பினர்களின் ஷில்லிங்குகளில்தான் நடந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட இலத்தீன் முழக்கத்தின் பொருள், யார் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே என்பது. குறளில் அறிவுடைமை அதிகாரம் படித்தவர்களுக்கு இது அந்நியமான கருத்து இல்லை. சொன்னவர் அரிஸ்டாட்டிலாகவே இருந்தாலும் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. சொன்னவர் யாரென்றே தெரியாதவராக இருந்தாலும், சோதித்துப் பார்க்காமல் தள்ளவும் கூடாது. முதல் பாதியைக் கடைப்பிடிப்பது எளிது. இரண்டாம் பாதிதான் கடினம்.

அதற்கு முதல் சோதனை உடனே வந்தது. ஜான் கிராண்ட் என்ற வணிகர் லண்டனில் துணிமணி, நாடா, பொத்தான் விற்றுக்கொண்டிருந்தார். தேவாலய வட்டங்களிலிருந்து திரட்டி வாரந்தோறும் அச்சிடப்பட்ட சாவுக் கணக்குகளை அவர் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்து ஆராய்ந்தார். எந்த நோயில் எத்தனை பேர் இறக்கிறார்கள், ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை, பிறந்தவர்களில் எத்தனை பேர் வளர்ந்து ஆளாகிறார்கள் என்றெல்லாம் கணக்கிட்டு 1662-இல் நூலாக வெளியிட்டார். இன்று மக்கள்தொகையியல் என்று நாம் படிக்கும் துறையின் தொடக்கம் அதுதான். கடைக்காரரைச் சங்கத்தில் சேர்க்கலாமா? மன்னரே பரிந்துரைத்தார். இப்படிப்பட்ட வணிகர்கள் இன்னும் கிடைத்தால் அவர்கள் அத்தனை பேரையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னதாக, 1667-இல் வந்த சங்கத்தின் முதல் வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. அரசர் பணம் தரவில்லை என்று சற்றுமுன் சொன்னேன். இந்த ஒரு சொல்லை நான் பணத்தைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

இனி ஹென்றி ஓல்டன்பர்க். சங்கத்தின் செயலாளர். ஜெர்மனியில் பிரெமன் நகரத்துக்காரர். இங்கிலாந்தில் குடியேறியவர். பெரிய கண்டுபிடிப்பு எதையும் அவர் செய்யவில்லை. அவர் செய்தது கடிதப் போக்குவரத்து. ஐரோப்பா முழுவதும் யார் எதைக் கண்டாலும் அவருக்கு எழுதினார்கள். அவர் பதில் எழுதினார், மொழிபெயர்த்தார், கூட்டத்தில் படித்துக் காட்டினார், இன்னாருடைய ஐயத்துக்கு விடை உங்களிடம் இருக்கலாம் என்று ஒருவரை மற்றொருவரோடு இணைத்துவிட்டார். 1665 மார்ச்சில் தம் சொந்தச் செலவில் ஓர் இதழைத் தொடங்கினார். 'பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' என்ற அந்த இதழ் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

அயல்நாட்டுக் கடிதங்கள் இத்தனை வந்தால் அரசு சந்தேகப்படாதா? தம் பெயரின் எழுத்துகளையே கலைத்துப் போட்டு, 'குரூபெண்டால், லண்டன்' என்ற முகவரிக்குக் கடிதங்களை வரவழைத்தார் ஓல்டன்பர்க். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை. டச்சுக்காரர்களோடு போர் நடந்த 1667-இல் அவரைப் பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் இரண்டு மாத அளவுக்கு அடைத்து வைத்தார்கள். வெளியே வந்ததும் மறுபடி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். நியூட்டனின் படம் எல்லாப் பள்ளிகளிலும் தொங்குகிறது. இந்த மனிதரின் படத்தையும் எங்காவது மாட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

ஏனென்றால் 1673-இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரிலிருந்து வந்த ஒரு கடிதத்தைப் பிரித்தவர் அவர்தான். டெல்ஃப்டின் மருத்துவர் ஒருவர், எங்கள் ஊரில் ஒருவர் மிக நுட்பமான உருப்பெருக்கிகள் செய்கிறார் என்று அவரை அறிமுகப்படுத்தியிருந்தார். ஆந்தோனி வான் லீவன்ஹூக் என்பது அவர் பெயர். தொழில், துணி வியாபாரம். கல்லூரிப் படிப்பு இல்லை. அன்றைய அறிஞர் மொழியான இலத்தீன் தெரியாது. டச்சு மொழி மட்டும்தான் தெரியும். கட்டுரை எழுதும் முறையும் தெரியாது. இன்று காலை பல்லைத் துலக்கினேன், அந்த அழுக்கை எடுத்துப் பார்த்தேன் என்ற பாணியில் பேச்சுப்போக்கில் எழுதுவார். ஓல்டன்பர்க் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இதழில் போட்டார்.

1676-இல் லீவன்ஹூக்குக்கு ஓர் ஐயம். மிளகு ஏன் காரமாக இருக்கிறது? ஒருவேளை அதில் முள்போன்ற நுண்துகள்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ? மிளகைத் தண்ணீரில் ஊறவைத்துச் சில வாரங்கள் கழித்து லென்ஸின் கீழ் பார்த்தார். முள் இல்லை. கணக்கற்ற சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அந்த அக்டோபரில் லண்டனுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். இன்று நாம் பாக்டீரியா என்று அழைக்கும் உயிர்களை மனிதக் கண் கண்ட முதல் பதிவு அதில் இருக்கிறது.

சங்கத்தில் நம்புவதற்கு ஆளில்லை. நம்பாததைத் தவறு என்று சொல்லமாட்டேன். அவர்கள் முழக்கமே அதுதானே. நான் வணங்குவது அதற்கு அடுத்து அவர்கள் செய்ததை. கடிதத்தைக் குப்பையில் போடவில்லை. ஊரில் மதிப்புள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டி, எட்டுப் பேரின் சான்றுகளை வாங்கி அனுப்பினார் லீவன்ஹூக். லண்டனில் சோதனைகளுக்குப் பொறுப்பாளரான ராபர்ட் ஹூக், மிளகை ஊறவைத்து, லென்ஸைச் செம்மைப்படுத்தி, பார்த்துப் பார்த்துத் தோற்று, மறுபடி முயன்றார். 1677 நவம்பரில் சிற்றுயிர்கள் தெரிந்தன. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். இரண்டு மாதம் முன்பே, செப்டம்பரில், ஓல்டன்பர்க் இறந்துவிட்டிருந்தார்.

1680-இல் லீவன்ஹூக்கை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான ஒவ்வொருவரும் நேரில் போய் ஒரு பெரிய தோல் ஏட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது மரபு. இரண்டாம் சார்லஸிலிருந்து நியூட்டன், டார்வின் என்று அந்த ஏட்டில் கையெழுத்துகள் தொடர்கின்றன. கையெழுத்திட லீவன்ஹூக் லண்டனுக்குப் போகவே இல்லை. ஏட்டில் அவர் கையெழுத்தும் இல்லை. 1723-இல் தொண்ணூறு வயதில் இறக்கும் காலம்வரை கடிதம் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். தம் கையால் செய்த 26 வெள்ளி உருப்பெருக்கிகளைச் சங்கத்துக்கு எழுதி வைத்தார். சங்கம் பின்னாளில் அவற்றைத் தொலைத்துவிட்டது.

இந்தச் சங்கம் எப்போதும் சரியாகக் கணித்தது என்று நினைத்துவிட வேண்டாம். 1686-இல் மீன்களைப் பற்றிய அழகான படங்கள் கொண்ட ஒரு பெரிய நூலை அச்சிட்டுக் கையிருப்பைக் கரைத்துவிட்டது. நூல் விற்கவில்லை. அந்த நேரம் பார்த்து நியூட்டனின் 'பிரின்சிபியா' வந்து நின்றது. அச்சிடப் பணமில்லை. எட்மண்ட் ஹாலி தம் கைக்காசைப் போட்டு 1687-இல் அதை வெளியிட்டார். சங்கத்தின் எழுத்தராக இருந்த அதே ஹாலிக்குச் சம்பளப் பாக்கியாக விற்காத மீன் புத்தகத்தில் 50 பிரதிகளைக் கொடுத்தார்கள். ஈர்ப்பு விதியை உலகத்துக்குக் கொடுத்த நூல் ஒரு தனி மனிதரின் பெருந்தன்மையால் வெளிவந்தது.

அடுத்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் அந்தஸ்து உள்ளே வந்தது. பிரபுக்கள், நிலக்கிழார்கள், பெயருக்குப் பின்னால் எஃப்.ஆர்.எஸ். என்று மூன்று எழுத்துப் போட்டுக்கொள்ள விரும்பிய செல்வர்கள் என்று உறுப்பினர் பட்டியல் வீங்கியது. சர் ஜோசப் பேங்க்ஸ் 1778 முதல் 1820 வரை தலைவராகவே இருந்தார். கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1830-இல் இந்த நிலையைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூலே எழுதினார். 1847-இல் விதியை மாற்றினார்கள். ஆண்டுக்கு 15 பேர்தான். அறிவியல் பணியே தகுதி. அன்றைக்குத்தான் சங்கம் மறுபடி அறிஞர் சங்கம் ஆனது என்பேன்.

ஆனால் கதவில் இன்னொரு தாழ்ப்பாள் இருந்தது. 1667 மே 30-ஆம் நாள் மார்கரெட் கேவண்டிஷ் என்ற பிரபுப் பெண்மணி, அறிவியல் நூல்கள் எழுதியவர், சங்கக் கூட்டத்துக்கு வந்தார். சோதனைகள் செய்து காட்டி, மரியாதையோடு அனுப்பி வைத்தார்கள். அவ்வளவுதான். மேரி சோமர்வில் 1831-இல் வானியக்கவியல் பற்றி எழுதிய நூலை அறிஞர்கள் போற்றினார்கள். சங்கத்தார் பணம் திரட்டி அவருக்குச் சலவைக்கல்லில் மார்பளவுச் சிலை செய்து தங்கள் கூடத்தில் வைத்தார்கள். சிலைக்கு இருந்த இடம் அவருக்கு இல்லை. உறுப்பினராக அவர் அந்தக் கூடத்தில் உட்கார முடியாது.

இதே காட்சியைக் கலைத்துறையிலும் பார்க்கலாம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1768-இல் நிறுவிய ராயல் அகாடமி, ஓவியர்களின் சங்கம். அதன் நிறுவன உறுப்பினர்களில் ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரு பெண் ஓவியர்கள் இருந்தார்கள். சில ஆண்டுகளில் யோஹான் ஸோஃபனி என்ற ஓவியர் உறுப்பினர்களை ஒரே படத்தில் வரைந்தார். ஆடையில்லாத மாதிரி மனிதர் முன்னால் ஓவியர்கள் கூடியிருக்கும் காட்சி. அந்த அறையில் பெண்கள் இருக்கலாகாது என்பது அன்றைய வழக்கம். என்ன செய்தார் தெரியுமா? இருவரையும் சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக வரைந்துவிட்டார். ஆண்கள் நின்றும் உட்கார்ந்தும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் சட்டத்துக்குள் தொங்குகிறார்கள். அந்த இருவருக்குப் பிறகு முழு உறுப்பினராக ஒரு பெண், லாரா நைட், தேர்வாக 1936 ஆகிவிட்டது.

ராயல் சொசைட்டிக்குத் திரும்புகிறேன். கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மகள் ஹெர்தா அயர்டன். மின்வில் விளக்குகள் ஏன் இரைகின்றன, ஏன் நடுங்குகின்றன என்று ஆராய்ந்து விடை கண்டவர். 1902-இல் அவர் பெயரை முன்மொழிந்தார்கள். சங்கம் வழக்கறிஞர்களைக் கேட்டது. திருமணமான பெண் சட்டப்படி கணவனுக்குள் அடங்கியவள், தனி ஆள் இல்லை, எனவே தேர்ந்தெடுக்க முடியாது என்று விடை வந்தது. விண்ணப்பம் விழுந்தது. 1904-இல் கடற்கரை மணலில் அலைவரிகள் உருவாவது பற்றிய தம் கட்டுரையை அவரே அந்த அவையில் படித்தார். அங்கே தம் கட்டுரையைத் தாமே படித்த முதல் பெண் அவர். 1906-இல் அதே சங்கம் அவருக்கு ஹியூஸ் பதக்கம் கொடுத்தது. பதக்கம் உண்டு, இருக்கை இல்லை. 1923-இல் அவர் மறைந்தார். பெண்களுக்குக் கதவு திறந்தது 1945 மார்ச்சில். படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல், உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீஃபன்சன் ஆகிய இருவரும் உள்ளே போனார்கள். லான்ஸ்டேல், பென்சீன் வளையம் தட்டையானது என்று நிறுவியவர். போரை எதிர்க்கும் கொள்கைக்காக அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர்தான் ஒரு மாதம் சிறையில் இருந்து வந்தவர். மார்கரெட் கேவண்டிஷ் வந்து போனதிலிருந்து கணக்கிட்டால் 278 ஆண்டுகள்.

நம் பக்கம் வருவோம். கல்கத்தாவில் 1784-இல் வில்லியம் ஜோன்ஸ் ஏசியாட்டிக் சொசைட்டியைத் தொடங்கினார். இந்தியாவைப் பற்றி ஆராயும் சங்கம். அதில் இந்தியர் உறுப்பினராக 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டனில் தோன்றிய ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி, 1834-இல் இந்தியக் கோயில் கட்டடக்கலை பற்றி ஒரு நூல் வெளியிட்டது. 48 ஓவியத் தகடுகளோடு வந்த அந்நூலை எழுதியவர் தஞ்சாவூரில் பிறந்து, பெங்களூரில் நீதிபதியாக இருந்த ராம் ராஸ். சங்கத்தின் கடிதத் தொடர்பு உறுப்பினர். சிற்ப சாத்திரச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார்; சொற்களுக்குப் பொருள் புரியாதபோது தஞ்சையைச் சேர்ந்த ஒரு சிற்பியை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். விமானமும் உபபீடமும் முதன்முதலாக ஐரோப்பிய அறிஞர்களுக்கு முறையாக விளங்கியது இப்படித்தான். நூலின் முகப்பில் ராம் ராஸின் பெயர் இருக்கிறது; அது எனக்குப் பெருமை. உளி பிடித்த அந்தக் கைக்குரியவரின் பெயர் முகப்பில் இல்லை. அது எனக்கு வருத்தம்.

ராயல் சொசைட்டிக்கு முதல் இந்தியர் 1841-இல் போனார்: பம்பாயின் பார்சி கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்சட்ஜி வாடியா. இரண்டாமவர் போக 77 ஆண்டுகள் ஆயின. அவர் நம் கும்பகோணத்து ராமானுஜன்.

ராமானுஜனைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குப் போய்விடுகிறார்கள். நான் திருக்கோவிலூரில் தொடங்குவேன். அங்கே துணை ஆட்சியராக இருந்த வி. ராமஸ்வாமி ஐயர், கணக்கின்மேல் உள்ள பற்றால் 1907-இல் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். அரசர் பட்டயம் கிடையாது. நம் ஊர்க் கணித ஆர்வலர்கள் சந்தா கட்டி, நூல்களும் இதழ்களும் வரவழைத்து, தங்களுக்குள் சுற்றுக்கு விட்டுப் படித்தார்கள். அந்த வாரம் ஒரு ஷில்லிங் நினைவுக்கு வருகிறதா? இந்தியக் கணிதக் கழகம் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். பட்டம் வாங்காத ராமானுஜன் 1910-இல் நோட்டுப் புத்தகங்களோடு அவரிடம் போய், தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை கேட்டார். நோட்டைப் புரட்டிய ராமஸ்வாமி ஐயர், இந்த வேலையில் போட்டு இவரை அமுக்கிவிடக் கூடாது என்று முடிவு செய்து, சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரையை அச்சிட்டதும் அந்தக் கழகத்தின் இதழ்தான். முதல் பலகை நம் மண்ணில்தான் விரிந்தது. இதை நாம் போதிய அளவு சொல்வதில்லை.

1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கடிதங்கள் போயின. ஹார்டிக்கு முன் இரண்டு பெரிய கணித அறிஞர்களுக்குப் போனது. இருவருமே ராயல் சொசைட்டி உறுப்பினர்கள். இருவரிடமிருந்தும் உதவி வரவில்லை. 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம் ஹார்டியை அடைந்தது. நிரூபணம் இல்லாமல் ஏறக்குறைய 120 தேற்றங்கள். முதல் பார்வையில் அவருக்கும் சந்தேகம்தான். ஆனால் அன்றிரவே சக கணித அறிஞர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டு, இருவரும் உட்கார்ந்து வரி வரியாகச் சோதித்தார்கள். பிப்ரவரி 8-இல் பதில் போனது. ஹூக் மிளகை ஊறவைத்துப் பார்த்தாரே, அதே வேலைதான் இதுவும்.

1914 மார்ச்சில் ராமானுஜன் கப்பலேறினார். 1917-இல் உடல் நலிந்துவிட்டது. காத்திருக்க நேரமில்லை என்று ஹார்டி அவர் பெயரை அவசரமாக முன்மொழிந்தார். முதல் முயற்சியிலேயே, 1918 மே 2-இல், முப்பது வயதில் ராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1920 ஏப்ரல் 26-இல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். அந்த இருக்கையில் அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

பின்னால் வந்த பெயர்கள் உங்களுக்குத் தெரிந்தவை. 1924-இல் சி.வி. ராமன், அவர் 1968-இல் அந்த உறுப்பினர் பதவியைத் துறந்தும் காட்டினார். 1940-இல் வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன். 1944-இல் வானியற்பியலாளர் சந்திரசேகர். 1973-இல் எம்.எஸ். சுவாமிநாதன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2015 முதல் 2020 வரை அந்தச் சங்கத்தின் தலைவராகவே இருந்தார். அவருடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணன் 2018-இல் உறுப்பினரானார். மறு ஆண்டு, வேலூரில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோய்களை ஆராய்ந்துவந்த ககன்தீப் காங் தேர்வானார். இந்தியாவிலேயே பணியாற்றும் பெண் விஞ்ஞானி ஒருவர் அங்கே இடம் பெற்றது அதுவே முதல் முறை. ராமானுஜனுக்குப் பின் 101 ஆண்டுகள் கழித்து.

நண்பர்களே, உங்களில் பலர் நாளை பேராசிரியர்கள் ஆவீர்கள்; இதழாசிரியர்கள் ஆவீர்கள்; ஏதாவது ஒரு கழகத்தின் செயலாளராக ஒரு மேசைக்குப் பின்னால் உட்காருவீர்கள். அந்த மேசைக்கு ஒருநாள் ஒரு கடிதம் வரும். எழுதியவருக்குப் பட்டம் இருக்காது. ஆங்கிலம் இருக்காது, தமிழிலும் பிழை இருக்கலாம். நெசவாளியாக இருக்கலாம், மீனவராக இருக்கலாம், ஏதோ ஓர் அலுவலகத்தின் கடைசி மேசை எழுத்தராக இருக்கலாம். பத்தில் ஒன்பது கடிதங்களில் ஒன்றும் இருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் பிரித்துப் படியுங்கள். சொல்லியிருப்பதைச் சோதித்துப் பாருங்கள். தவறு என்றால் எங்கே தவறு என்று இரண்டு வரி எழுதிப் போடுங்கள். பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.